அடித்தவர் பேரோடு ஒரு வாக்கியம்

செம்மேட்டுக்கு மேற்கே, மலைமேல் ஒரு காப்பித் தோட்டத்து பங்களாவில் மாதம்மாள் ஆயாவாக இருந்தாள். அதே மலையில் அரியூர் நாட்டுக்காரி. புருஷன் காய்ச்சலில் போனபின் துரைசானியின் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்தவள். கேட்டுக் கேட்டே இங்கிலீஷ் அவள் வாயில் ஏறிவிட்டது. வரும் கோடையில் குழந்தையோடு அவளையும் சீமைக்குக் கூட்டிப்போக நினைத்த துரைசானி, மத்தியானங்களில் இலக்கணத்தையும் திணித்தாள். தப்பு வந்தால் மரக்கோல் மேசையில் சொடுக்கும்.

அன்றைக்குச் செயப்பாட்டு வினை. தனக்குச் செய்யப்படுவது பிடிக்கும், பிடிக்காது என்று சொல்ல வேண்டும்.

"ஐ ஹேட் பீயிங் கெப்ட் வெயிட்டிங்," என்றாள் துரைசானி. பிறகு தனக்குத் தெரிந்த தமிழில், "காக்க வைக்கப்படுவதை வெறுக்கிறேன். நீ ஒன்று சொல்," என்றாள்.

மாதம்மாள் யோசிக்கவே இல்லை. முந்தின நாள்தான் அவள் தம்பி ராசுவைத் துரை காப்பிக் களத்தில் வைத்துச் சாட்டையால் விளாசியிருந்தார். பச்சைக்காயைப் பறித்துவிட்டானாம். தோலுரிந்த முதுகோடு அவன் குப்புறக் கிடந்தான்.

"ராசு ஹேட்ஸ் பீயிங் பீட்டன் பை தொரை."

துரைசானியின் முகம் சிவந்தது. "கடைசி இரண்டு வார்த்தை வேண்டாம். யார் செய்தது என்று இங்கே சொல்ல அவசியமில்லை."

"அடி தானா வந்து உழுந்துதுங்களா?"

"இது இலக்கணம், மாதம்மா!"

"எங்கூர்ல அடிச்சவன் பேரத்தானுங்க மொதல்ல சொல்லுவோம்."

இந்தத் தடவை கோல் அவள் விரல் முட்டியில் விழுந்தது. "மறுபடி சொல். சரியாக."

மாதம்மாள் சொன்னாள். அந்த இரண்டு வார்த்தையையும் சேர்த்து, வராந்தாவில் நின்ற சமையல்காரனுக்கும் கேட்கிற மாதிரி.

"வெளியே போ! இனி இங்கே வராதே!"

"வரமாட்டனுங்க."

தொட்டிலை மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். கிட்டே போகாமல் இறங்கி நடந்தாள்.

குடிசையில் ராசு எரிந்து விழுந்தான். "அடி வாங்குனது நானு. நீ எதுக்குக்கா வாயக் குடுத்த? இருந்த வேலையும் போச்சு!"

"வேல போனா போவுது. நீ பேசாம படு."

அன்று சாயங்காலமே வீடு வீடாய்ப் போய் நடந்ததைச் சொன்னாள். மறுநாள் ஒருவரும் காப்பி பறிக்கப் போகவில்லை.

செடியிலேயே பழம் கறுக்கத் தொடங்கியதும் துரைசானி டோலியில் வந்து இறங்கினாள். "குழந்தை சாப்பிட மாட்டேன் என்கிறான். வா."

சாமை புடைத்துக்கொண்டிருந்த மாதம்மாளின் கை நின்றது. "தொர வந்து ராசுகிட்டப் பேசட்டுங்க. அப்பறம் வாரேன்."

"அவர் ஒரு கூலியிடம் வந்து பேசுவாரா?"

"அப்ப நீங்களும் போயிட்டு வாங்க," என்று மறுபடி புடைக்கத் தொடங்கினாள். உமி பறந்து துரைசானியின் வெள்ளைப் பாவாடையில் ஒட்டியது. அவள் தட்டிக்கூட விடாமல் டோலியில் ஏறினாள்.

துரை வரவில்லை. கீழ்நாட்டிலிருந்து பழம் பறிக்கக் கூட்டிவந்த ஆட்களும் குளிர்க்காய்ச்சலுக்குப் பயந்து இறங்கிவிட்டார்கள். பாதி விளைச்சல் உதிர்ந்து மண்ணானது. சீமைக் கப்பலுக்கு வேறு ஆயா கிடைத்தாள்.

ராசு அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. முதுகு ஆறியதும் சேலத்துக்கு வேலை தேடிப் போனவன், அடுத்த சாமை அறுப்புக்குத்தான் மலையேறினான்.