கடைசிப் பத்தியில் இருந்த எலி

நாளிதழ் வேலையில் எழுதியது மறந்துபோகும். இடமில்லாமல் வெட்டுப்பட்டதுதான் கூடவே வரும். செய்தி எழுதிப் பிழைக்கும் உங்களுக்கும் அப்படி ஒரு பத்தி இருக்கும். என்னுடையது இது.

இருட்டறை

கோவையில் ஓர் ஆய்வகம். அலுமினியத் தாள் சுற்றிய குப்பி ஒன்றை ஆய்வாளர் காட்டினார். காரமடைக்காரப் பெண். அறையில் விளக்கில்லை, வெளிச்சம் பட்டால் துகள்கள் வேலையைத் தொடங்கிவிடுமாம். கண்ணுக்குத் தெரியாத பாலிமர் துகள்கள். புற்றுக்கட்டிக்குள் போய்ச் சும்மா கிடக்கும். வெளியிலிருந்து ஒளி பாய்ச்சினால் சூடேறி, சுற்றியுள்ள செல்களைக் கருக்கும். நுண்ணோக்கித் திரையில் புற்றுச் செல்கள் சிவப்புப் புள்ளிகளாகத் தெரிந்தன; அவர் ஒளியைப் பாய்ச்சினார். மலையிலிருந்து பார்க்கும்போது தூரத்து ஊர் விளக்குகள் அணையுமே, அப்படி ஒவ்வொன்றாக அணைந்தன. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

கிளம்பும்போது அவர் சொன்னார்: “இப்போதைக்குச் சோதனையில எலி வரைக்குந்தானுங்க வந்திருக்கோம். அதை மறக்காம எழுதிப்போடுங்க.”

வெட்டு

மறக்கவில்லை. கடைசிப் பத்தியில் எழுதினேன். இடம் போதாவிட்டால் வால் பக்கமிருந்துதான் வெட்டுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? அந்தச் சிவப்புப் புள்ளிகளுக்கு முன்னால் எலியை நிறுத்த மனம் வரவில்லை. காலையில் ‘ஒளியில் கரையும் புற்றுநோய்’ என்று தலைப்பு, எலியைக் காணோம். திருத்தம் மறுநாள் உள்பக்க மூலையில் வந்தது.

பக்கம் கட்டிய உதவி ஆசிரியரைக் கேட்டேன். “விளம்பரம் வந்துருச்சுங்கண்ணா. கடைசிப் பத்தி பின்ன எதுக்கு இருக்குது?”

காங்கேயம்

முதலில் அழைத்தவர் ஓர் எண்ணெய் ஆலைக்காரர். அவருடைய அண்ணிக்கு நோய். இன்னும் எலி வரைக்கும்தான் என்று நான் விளக்கி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

“அதெல்லாஞ் சரிங்க. கொப்பரை காயப்போடற களத்துல வெயிலுக்குப் பஞ்சமில்லீங்க. அந்தத் துகளை மட்டும் அனுப்பி வெக்க முடியுங்களா?”

வால்பாறை

அடுத்த அழைப்பு செல்வி என்ற தேயிலைத் தொழிலாளியுடையது. கணவர் அந்தோணிக்கு வாயில் புற்று. கோவையில் கதிர்வீச்சு பாதி முடிந்திருந்தது. என் செய்தியைப் படித்த அந்தோணி, மீதிக்குப் போகமாட்டேன், அந்த ஒளி வரட்டும் என்று உட்கார்ந்துவிட்டார். “நீங்க எழுதினதுதானுங்களே. நீங்களே வந்து சொல்லுங்க,” என்றார் செல்வி.

பேருந்து வளைவுக்கு வளைவு மேகத்துக்குள் ஏறியது. எஸ்டேட் வீட்டு வாசலில் அந்தோணி இருந்தார். சட்டைப்பையில் நான்காய் மடித்த என் செய்தி. வெட்டுப்பட்ட பத்தியைச் சொன்னேன். எலியைச் சொன்னேன். மனிதருக்கு வர எத்தனை காலமாகும் என்று யாருக்கும் தெரியாது என்றும் சொன்னேன். தேயிலைச் சரிவு பனியில் மறைந்து, மறுபடி தெரிந்தது. பிறகு அவர் எழுந்து, மனைவியிடம் மருத்துவமனைச் சீட்டைக் கேட்டார். செய்தித்தாளை மட்டும் சட்டைப்பையிலிருந்து எடுக்கவில்லை.

“அந்த வெளிச்சம் வர்றப்ப நான் இருக்கோணுமில்லீங்களா,” என்றார், இறுகிப்போன வாயால் மெதுவாக. “அதுக்காகவாவது போயிட்டு வாரேன்.”

அன்றிலிருந்து என் செய்திகளில் எலிதான் முதல் வரியில் ஓடுகிறது. படிக்க ஒருவருக்கும் பிடிப்பதில்லை, படித்துவிட்டு ஒருவரும் சிகிச்சையை நிறுத்துவதுமில்லை.