தண்டவாளப் பூங்காவில் ஒரு மாமரமும் நான் எழுதிய புகாரும்

பொள்ளாச்சி தாண்டி, கேரள எல்லைக்குள் நுழைந்ததும் வரும் ஒரு சின்ன டவுனில், ரயில் போகாத ரயில் பாதையைப் பூங்காவாக்கியிருக்கிறார்கள் என்று எனக்குச் சொன்னவர் என் பல் டாக்டர். நான் வாயைத் திறந்து வைத்திருந்ததால் குறுக்குக் கேள்வி எதுவும் கேட்க முடியவில்லை. "அம்மாவுக்கு முட்டி வலி, மேடு பள்ளம் இல்லாமல் நடக்க ஓர் இடம் சொல்லுங்கள்" என்று இந்த வலைப்பதிவில் மாதம் ஒருவராவது கேட்டுவிடுகிறீர்கள். ரயில் ஓடிய பாதையில் ஏற்றம் எங்கே இருக்கப் போகிறது? ஆடி மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை கிளம்பிவிட்டேன்.

ஊர்ப் பெயரை மட்டும் எழுதப் போவதில்லை. திட்டாதீர்கள், படித்தால் காரணம் புரியும். ஆட்களின் பெயரையும் மாற்றியிருக்கிறேன்.

உக்கடத்தில் காலை 6.10க்குப் பேருந்து, 7.25க்குப் பொள்ளாச்சி. டிக்கெட் 32 ரூபாய். இரண்டு இட்லி, ஒரு வடை, காபி 65 ரூபாய், வடையைத் தவிர்த்திருக்கலாம். 8.05க்குக் கொல்லங்கோடு போகும் பேருந்து, 38 ரூபாய். இடப்பக்க ஜன்னலைப் பிடித்துவிடுங்கள். கோவிந்தாபுரம் சோதனைச் சாவடி தாண்டியதும் நெல்லியாம்பதி மலை கூடவே வரும். அன்று மழை விட்டிருந்தது. மலையில் நான்கு அருவிகளை எண்ணினேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மட்டும் பேயாய் அடித்தது, தொப்பி போட்டிருந்தால் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். 9 மணிக்கு இறங்கினேன். பேருந்து நிலையத்திலிருந்து 300 மீட்டர் நடந்தால் பூங்கா வாசல். நுழைவு 10 ரூபாய்.

மீட்டர் கேஜை அகலப் பாதையாக்கியபோது வளைவை நேராக்கி, தண்டவாளத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோய்விட்டார்கள். ஊருக்குள் மிச்சமான 1.6 கிலோமீட்டர்தான் இந்தப் பூங்கா. அடடா, என்ன அழகாகச் செய்திருக்கிறார்கள்! பழைய ஸ்லீப்பர் கட்டைகள் பெஞ்சுகளாகியிருக்கின்றன. பிளாட்பாரத்தில் பெண்கள் ஷட்டில் ஆடுகிறார்கள். வாய்க்கால் பாலத்தில் ஒரு துண்டுத் தண்டவாளத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். பாதை ஊரின் புழக்கடை வழியாகப் போவதால் துவைகல், கொடியில் பனியன், தாளிக்கிற வாசனை எல்லாம் கூடவே வருகின்றன. யாரும் நம்மைக் கண்டுகொள்வதில்லை.

இருபுறமும் மாமரங்கள். யாரும் நட்டதில்லையாம். அந்தக் காலத்தில் ரயிலில் மாம்பழம் தின்றவர்கள் ஜன்னல் வழியாக எறிந்த கொட்டைகள் முளைத்து மரமாகியிருக்கின்றன. அதனால் ஒரு மரம்போல இன்னொன்று இல்லை. இதைக் கேட்டதும் எனக்கு மெய்யாகவே சிலிர்த்துவிட்டது. நூறடிக்கு ஒரு பலகை: பூ, இலை, கிளை பறித்தால் 500 ரூபாய் அபராதம், மலையாளத்திலும் தமிழிலும். அதையும் ரசித்தேன். இருபத்தெட்டு வருடம் பள்ளியில் வேதியியல் வாத்தியாராக இருந்தவன், ஒழுங்கு என்றால் எனக்கு உயிர்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. 1.2 கிலோமீட்டர் தாண்டி, ஒரு பெரிய மாமரத்தடியில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க அம்மாள் ஒருவர் ஸ்டூல் மேல் நின்று கிளை நுனியை வெட்டி, ஈரத் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வெட்டுக்கும் இப்படியும் அப்படியும் பார்த்தார். பரீட்சையில் பிட் அடிக்கிற பையனின் அதே பார்வை. விடுவேனா? விறுவிறுவென்று காவலாளி அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன்.

காவலாளி வாசு முகம் சுளித்தபடி என்னோடு வந்தார். "ருக்மணியக்கா, நான் கண்டதும் காணாத மாதிரி போயிருப்பேன். இப்ப சார் வந்து பறஞ்ஞில்லே? இனி எந்தா செய்ய?" என்றார்.

ருக்மணியம்மாள் ஸ்டூலை விட்டு இறங்கி என்னைப் பார்த்தார். "நீங்களாக்கும் சொன்னது? நல்லா இருங்க சாமி. ஏனுங்க, திருடறவ ஸ்டூல் தூக்கிட்டு வருவாளுங்களா?"

அவரே விவரம் சொன்னார். வேலிக்கு அந்தப் பக்கம் நாலு ஏக்கர் மாந்தோப்பு அவருடையது. "மூணு வருசமா பூவெல்லாம் பூச்சி அடிச்சுக் கொட்டிப் போச்சுங்க. இந்த ஒரு மரத்துல மட்டும் காய்க்காத வருசமே கெடையாது. இதுல குச்சி எடுத்து ஒட்டுக் கட்டித்தான் தோப்பை மாத்தோணும். பத்து நாளைக்கு முன்னாடியே நுனியில எலையெல்லாம் கிள்ளி உட்டேனுங்க, மொட்டுக் கண்ணு உப்பட்டும்னு. இன்னைக்கு வெட்டி மத்தியானத்துக்குள்ள கட்டோணும். திங்கக்கெழமை மரத்தையே அறுக்கறாங்க."

அண்ணாந்து பார்த்தேன். அடிமரத்தில் வண்டு துளைத்த ஓட்டைகள், கீழே மரத்தூள், சிவப்புப் பெயிண்டில் ஒரு குறி. பாதை மேல் விழுந்துவிடும் என்பதால் வெட்டுகிறார்களாம். அதிலும் தப்பு சொல்ல முடியாது.

"மனு ஏதாவது கொடுத்தீர்களா?" என்று கேட்டேன்.

"குடுக்காம இருப்பேனுங்களா? கமிட்டி கூடோணுமாம், அடுத்த மாசந்தான் கூடுமாம். அதுக்குள்ள மரம் வெறகாயிருமுங்க."

வெட்கமாக இருந்தது. அபராதத்தை நானே கட்டிவிடுகிறேன் என்று பர்ஸை எடுத்தேன். வாசு தடுத்தார். ரசீது போட்டால் வெட்டிய குச்சிகள் ஆபீசுக்குப் போய்விடும், அப்புறம் வெயிலில் காய வேண்டியதுதான் என்றார். ஈரத் துண்டுக்குள் அப்போது இரண்டு குச்சிகள்தான் இருந்தன. இலை கிள்ளிவிட்ட மிச்சம் பன்னிரண்டு நுனியும் மரத்தில், அதே கிளையிலேயே நின்றன.

வாசு கொஞ்சநேரம் கழுத்தைச் சொறிந்தார். "நடக்கறவங்களுக்கு இடிக்கற கிளையை நானே வெட்டலாம். வெட்டினது குப்பை. வேலிக்கு அப்புறம் வீசிடுவேன், ஆரும் எடுக்கலாம். பட்சே அதுக்கு ஒரு பராதி வேணும் சாரே. புஸ்தகத்துல எழுதி ஒப்பும் இடணும்" என்றார்.

பராதி என்றால் புகார், ஒப்பு என்றால் கையெழுத்து. பொய் எழுதாதே, பார்த்ததை மட்டும் எழுது என்று பரிசோதனைக் கூடத்தில் எத்தனை பிள்ளைகளின் காதைத் திருகியிருப்பேன்! புத்தகத்தை வாங்கி எழுதினேன்: 'மாமரக் கிளை நடப்பவர்களின் தலையில் இடிக்கிறது. எனக்கும் பலமாக இடித்தது.'

வாசு அதைப் படித்துவிட்டு என்னை உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை பார்த்தார். என் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். அந்தக் கிளையை வெட்ட அவருக்கே ஸ்டூலும் தொரட்டியும் தேவைப்பட்டன. கிளை விழுந்ததும் நானும் ஒரு பக்கம் பிடித்து, அந்த இரண்டு குச்சிகளோடு வேலிக்கு மேல் தள்ளினேன். ருக்மணியம்மாள் சுற்றி ஓடி அந்தப் பக்கம் வந்து சேர்ந்தார்.

"தலையைக் கொஞ்சம் தேச்சுக்கோங்க சாமி, ஆராச்சும் பாத்தா நம்போணுமில்ல!" என்று கம்பிக்கு அப்பாலிருந்து கத்தினார். நானும் தேய்த்துக்கொண்டேன். ஃபோன் நம்பர் கேட்டபோது தயங்காமல் கொடுத்தார்.

போகிறவர்களுக்கு: காலை 5.30 முதல் 9.30, மாலை 4 முதல் 7 வரை திறந்திருக்கும். உள்ளே இருப்பவர்களை நேரம் ஆனதும் விரட்டுவதில்லை. முழுப் பாதையும் சக்கர நாற்காலி போகும். கழிப்பறை பழைய பிளாட்பாரத்தில் மட்டும்தான், சுத்தமாக இருக்கிறது. கடைசி 400 மீட்டரில் நிழல் குறைவு, குடை எடுத்துப் போங்கள். உள்ளே டீ கிடையாது. வாசலுக்கு எதிரே டீ 12 ரூபாய், பழம்பொரி 12 ரூபாய், இரண்டும் அருமை. எனக்குப் போகவர மொத்தம் 250 ரூபாய்கூட ஆகவில்லை. முட்டி வலி அம்மாக்களைத் தாராளமாக அழைத்துப் போகலாம். விதியை மீறுகிற யாரையாவது பார்த்தால், ஓடிப்போய்ச் சொல்வதற்கு முன் அவரிடமே ஒரு வார்த்தை கேளுங்கள். அதை நான் செய்யவில்லை.

புரட்டாசியில் ருக்மணியம்மாளை அழைத்தேன். சொன்னபடி திங்கட்கிழமையே மரத்தை அறுத்துவிட்டார்களாம். பதினான்கு ஒட்டுக் கட்டியதில் ஐந்து கருகிவிட்டன, ஒன்பது துளிர் விட்டிருக்கின்றன என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பழம் எப்படி இருக்கும் என்று கேட்டேன், நான் போனது காய்க்கிற காலமில்லையே.

"நாலு வருசம் கழிச்சு வந்து தின்னு பாத்துட்டு நீங்களே எழுதுங்க" என்றார். "அதுலயாச்சும் நெசத்த எழுதுங்க சாமி."