தன் இசையைத் தணித்து வைத்த றமீஸ்

செவ்வாய்க்கிழமை முற்பகல், மூதூரில் ஒரு பாடசாலை விழாவில் பேசிவிட்டு மேடையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் றமீசின் தம்பி ஹில்மி. "ஐயா, நானா மௌத்தாகிட்டார். விடியச் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு நெஞ்சு நோகுதெண்டவர். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிட்டு. பின்னேரம் அஸர் தொழுகையோட அடக்கம்." றமீசுக்கு நாற்பத்து மூன்று வயது. சற்றுமுன்வரை மண்டபம் அதிர முழங்கிய நான், "ஓம் தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிண்ணியாவுக்குப் புறப்பட்டேன்.

நண்பர்களே, திருகோணமலைத் துறைமுக வீதி மண்டபத்தில் மாதத்தின் முதற் சனிக்கிழமை தோறும் நடக்கும் இசைமாலையை நீங்கள் அறிவீர்கள். கிண்ணியாவிலிருந்து முச்சக்கரவண்டியில் தன் கருவிகளை ஏற்றிக்கொண்டு றமீஸ் வருவார். நான்கு மணிக்குத் தொடக்கம். புதிதாகப் பாட வருவோருக்கு ஆளுக்கு இரண்டு பாடல். ஒருவர் பாடி முடித்ததும், அவர் பாடியதில் ஒரு வரியைப் பிடித்துத் தாளம் சேர்த்துச் சற்று நேரம் சுழல விடுவார் றமீஸ். தம் குரலே ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்ப வருவதைக் கேட்டு அந்தப் புதியவர்கள் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். கடைசி இருபது நிமிடம் றமீசின் சொந்த இசைக்கே உரியது. அந்தியில் மஃரிப் பாங்கு எழுமுன் எல்லாம் அடங்கிவிட வேண்டும். அந்த எல்லையை அவர் ஒருநாளும் தாண்டியதில்லை.

அவரை நான் முதலில் சந்தித்தது பகைவனாகத்தான். பொறிகள் இசையைக் கொல்கின்றன, மனிதக் குரலை விழுங்குகின்றன என்று ஒரு பொங்கல் விழாவில் இடிபோல் முழங்கினேன். கைதட்டல் ஓய்ந்ததும் கம்பிச் சுருளைத் தோளில் மாட்டியபடி ஒருவர் வந்து நின்றார்.

"ஐயா, நல்ல பேச்சு. கடைசி வரிசை வரைக்கும் கேட்டிச்சு. கேக்கப் பண்ணினது நான்தான்."

நான் விழித்தேன். அவர் சிரித்தார். "வாற சனிக்கிழமை நம்மட நிகழ்ச்சிக்கு வாங்க. பிடிக்காட்டி அங்கேயே ஏசுங்க. மைக் நானே தாறன்."

ஏசுவதற்காகப் போனேன், பாடகர்களை அறிமுகம் செய்பவனாக ஆறு ஆண்டுகள் அங்கேயே நின்றுவிட்டேன். 'டிஜே' என்ற சொல் என் வாயில் நுழைய மறுத்ததால் 'இசையிணைப்பாளர்' என்று அவருக்கு ஒரு பெயர் சூட்டினேன். "வேணாம் ஐயா," என்று கையெடுத்துக் கும்பிட்டார். "நோட்டீசில அப்பிடி அடிச்சா, கரண்ட் இணைக்க ஆள் வருது எண்டு சனம் பில்லோட வந்து நிக்கும்."

இனி நான் சொல்லப்போவது என் பிழை. இதுவரை எந்த மேடையிலும் சொல்லாதது.

ஒரு சனிக்கிழமை வெருகலிலிருந்து கௌசலா என்ற பெண் பாட வந்திருந்தாள். பத்தொன்பது வயதிருக்கும். கூட வந்த தகப்பன் கதிரையின் நுனியில் இருந்துகொண்டு என்னிடம் சொன்னார்: "இண்டைக்கு ஒருக்காப் பாடட்டும் ஐயா. சனம் கேட்டுச் சரியெண்டாப் பாப்பம். இல்லாட்டி இந்தப் பாட்டுக் கதை இனி வீட்டில இல்லை." அதைக் கேட்டுக்கொண்டு நின்ற அவள் விரல்கள் துப்பட்டாவின் ஓரத்தை முறுக்கிக்கொண்டிருந்தன.

அன்று றமீசுக்கும் ஒரு பெரிய நாள். நிலாவெளி விடுதி ஒன்றின் முகாமையாளர் அவருடைய இருபது நிமிடத்தைக் கேட்கவே வந்திருந்தார். பிடித்துப்போனால் சுற்றுலாப் பருவம் முழுவதும் அங்கே வேலை.

கௌசலாவை அறிமுகம் செய்ய எழுந்தேன். தமிழ்ப் பண்களைத் தொட்டேன். யாழைத் தொட்டேன். கோணமலையில் மோதும் அலையைத் தொட்டேன். மேசைக்குப் பின்னாலிருந்து றமீஸ் கையை உயர்த்தி மணிக்கட்டைத் தட்டினார். அவர் என் பேச்சுக்குக் கைதட்டுகிறார் என்று எண்ணி, குரலை இன்னும் உயர்த்தினேன்! நான் இறங்கியபோது அவளுடைய நேரம் ஏறத்தாழ முடிந்திருந்தது.

நடுங்கும் குரலில் முதற் பாடலைப் பாடினாள். சுருதி இருமுறை வழுக்கியது. தகப்பன் எழுந்து பையைத் தோளில் போட்டார். அடுத்தது றமீசின் நேரம். முகாமையாளர் கதிரையை முன்னே இழுத்துப் போட்டார். றமீஸ் தன் கருவியின் ஒலியை முற்றாகக் கீழே இறக்கினார். பிறகு ஒலிவாங்கியில், "தங்கச்சி, ரெண்டாவதையும் பாடுங்க. அவசரம் இல்ல. நேரம் கிடக்கு" என்றார்.

கிடந்தது அவருடைய நேரம்.

இரண்டாம் பாடலில் அந்தக் குரல் நிமிர்ந்தது. சபை மூன்றாவதையும் கேட்டது. அவள் முடித்துச் சிறிது நேரத்தில் பாங்கு எழுந்தது. முகாமையாளர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வெளியேறினார். தகப்பன் றமீசிடம் வந்து, "தம்பி, வாற மாதமும் இவள் வரலாமோ?" என்று கேட்டார்.

"வராட்டித்தான் ஏசுவன் அண்ணே."

தலைகுனிந்தபடி றமீசிடம் போனேன். "ஐயா, என்னைக் கேக்க இன்னொரு நாளைக்கு ஆள் வரும். அந்தப் பிள்ளைக்கு இண்டைக்குத்தான்" என்றார் அவர். பிறகு கண்ணைச் சிமிட்டி, "அடுத்த மாதம் உங்களுக்கு ஒரு நிமிசம். தாண்டினா மேளத்தை விடுவன்" என்றார். விட்டார்! என் உவமை ஒன்றின் நடுவிலேயே மேளம் இறங்கியது. சபை விழுந்து விழுந்து சிரித்தது, நானும் சிரித்தேன்.

விடுதி வேலையைப் பற்றிப் பின்னர் கேட்டபோது, "அதெல்லாம் சரி வந்திட்டு ஐயா" என்றார். நம்பினேன்.

செவ்வாய் மாலை, அடக்கம் முடிந்து கிண்ணியா மையவாடியின் வெளியே நின்றபோது ஹில்மி மெல்லச் சொன்னான்: "அந்த விடுதிக்காரர் பிறகு வரவேயில்லை ஐயா. வேற ஆளை எடுத்திட்டாங்க. ஐயாட காதுல போடாத, அவர் மேடையேறக் கூச்சப்படுவார் எண்டு நானா சொன்னவர்."

நான் மேடையேறி நின்ற ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த மௌனத்தின் மேல்தான் நின்றிருக்கிறேன்.

கௌசலா இன்று ஊர் ஊராகப் பாடுகிறாள். துறைமுக வீதி மண்டபத்துக்கு வெளியே றமீசின் இசையைக் கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அந்த இசையன்று. தன் நாளில், தன் நேரத்தில், தன்னைக் கேட்க வந்தவரின் கண்முன்னே, தன் ஒலியைத் தானே கீழே இறக்கிய அந்தக் கையை எடுத்துக்கொண்டேன். முழங்க மட்டுமே கற்றவன் நான். எஞ்சிய நாள்களில் அதைப் பழகப் பார்க்கிறேன்.