சல்லடை வைத்த ஸ்ட்ரா

ஒரே ஒரு தேயிலை தொண்டையில் ஒட்டிக்கொண்டதற்கு, பீரோ சாவி எந்த டப்பாவில் இருக்கிறது என்பதை மனைவிக்குக் கைச்சாடையில் சொல்லிவிட்டேன். சாகிறவன் பொறுப்பாகச் சாக வேண்டாமா? அவள் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். இலை தரையில் வந்து விழுந்தது. கருவேப்பிலையில் கால்வாசிகூட இல்லை.

"இதுக்கா இந்த ஆட்டம்? நாளையிலேர்ந்து ஒங்களுக்குச் சுக்குத் தண்ணிதான்."

அந்த வார்த்தைதான் என்னை உசுப்பியது. டாக்டர் சொன்னார், பாலை விட்டேன். சீனியையும் விட்டேன். மிஞ்சியது இந்த முழு இலைத் தேநீர் ஒன்றுதான். டம்ளர் அடியில் இலை விரிந்து கிடக்கும். அதிலேயே வெந்நீர் ஊற்றி ஊற்றி மதியம்வரை குடிப்பேன். இதையும் விட்டால் அப்புறம் நான் எதற்கு? அடியில் சல்லடை வைத்த ஸ்டீல் ஸ்ட்ரா இருப்பதாகச் செல்போனில் பார்த்திருந்தேன். பிளாஸ்க்கில் வெந்நீர், பொட்டலத்தில் இலை, பின்னால் மனைவி. குன்றாண்டார்கோவிலில் பஸ் ஏறிப் புதுக்கோட்டையில் ஒரு பாத்திரக் கடைக்குள் நுழைந்தேன்.

கடைக்காரர் மூன்றை எடுத்து வைத்தார். ஒன்றின் நுனி ஓட்டை போட்ட கரண்டி. இன்னொன்றில் ஓட்டை போட்ட உருண்டை. மூன்றாவதில் நெருக்கமாகச் சுற்றிய ஸ்பிரிங், கழற்றிக் கழுவலாம்.

குடம் என்றால் தட்டிப் பார்க்கலாம். ஸ்ட்ராவை என்ன செய்வது? வாயருகே கொண்டுபோனேன்.

"அண்ணே, வாயில வச்சா வாங்கிக்கிடணும். எச்சிப் பண்ணுனத நான் யார் தலையில கட்டுறது?"

"அப்ப ஒரு டம்ளர் குடுங்க. அது எனக்கே இருக்கட்டும்."

டம்ளரில் இலையைப் போட்டு வெந்நீர் ஊற்றினேன். ஸ்ட்ராவை முக்கி, மேல் ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்துத் தூக்கி, என் வெள்ளைக் கர்ச்சீப்பில் கவிழ்த்தேன். கரண்டி நுனி வழியாக இரண்டு துணுக்கு வந்திருந்தது.

"வடிகட்டி தரவாண்ணே?" என்றார் கடைக்காரர்.

"வடிகட்டி வீட்டுல இருக்கு. பயம்தான் வடிய மாட்டேங்குது."

குடம் வாங்க வந்த ஒரு அம்மா, குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கர்ச்சீப்பை எட்டிப் பார்த்தார். உருண்டையைக் கவிழ்த்ததும், "அந்தா, ஒண்ணு கெடக்கு!" என்று கூவினார். ஸ்பிரிங்கை மூன்று தடவை முக்கினேன். மூன்று தடவையும் வெறும் சாயம்தான்.

"எனக்கு மாப்பிள பாக்கையில எங்கப்பா இம்புட்டுப் பாக்கலையே" என்றாள் மனைவி.

ஸ்பிரிங் ஸ்ட்ராவுக்கும் டம்ளருக்கும் பணத்தைக் கொடுத்துவிட்டு, ஆறிப்போன தண்ணீரை வாசலில் வடித்து, புதிதாக வெந்நீர் ஊற்றினேன். மூன்று பேரும் என் தொண்டையையே பார்த்தார்கள். ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு உறிஞ்சினேன். கொதிநீர் நேராக நாக்கில் போய் இறங்கியது. உதட்டை ஸ்டீல் சுட்டது.

"எலை வந்துருச்சா?" மனைவியின் கை என் முதுகுக்கு வந்துவிட்டது.

"வரல."

"அப்பறம் ஏன் கண்ணு கலங்குது?"

"சுடுது."

"பேசாமச் சுக்குத் தண்ணியக் குடிச்சிருக்கலாம்."

மறுபடியும் உறிஞ்சினேன். டம்ளரில் இலை மட்டும் மிஞ்சும்வரை நிறுத்தவில்லை. அவள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள். நான் வெந்த நாக்கோடு, பிளாஸ்க்கில் மிச்சமிருந்த வெந்நீரை அதே இலையில் ஊற்றினேன்.