நான்காம் வரிசைக் கைதட்டல்

வாசகரே, உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். சம்பவம் நடந்த இடத்தில் நான் இல்லையே என்று நீங்கள் தயங்கலாம். தயங்க வேண்டாம். அங்கே இருந்த அத்தனை பேரும் என்னைப் பாராட்டியவர்கள். அவர்களுடைய சாட்சியம் எனக்கு உதவாது. தவறு செய்தவன் நான். செய்தபோது எனக்கு வயது பன்னிரண்டு. செய்ததற்காக எனக்கு ஒரு கேடயமும் சான்றிதழும் வழங்கப்பட்டன. முதலில் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு கேளுங்கள்.

அப்பாவுக்குச் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. நெய்வேலி நகரியத்தில் எங்களுக்கு ஒரு குவார்ட்டர்ஸ் இருந்தது. வாசலில் வேப்பமரமும், மொட்டைமாடிக் கொடியில் உலரும் துணிமேல் படியும் சாம்பல் துகளும் அந்த வீட்டோடு சேர்த்துத் தரப்பட்டவை. அம்மாவின் தம்பி வக்கீல். சுரங்க வேலையில் இருப்பவர்களுக்குத்தான் குவார்ட்டர்ஸ் என்பதால் அவர் பக்கத்து வடக்குத்தில் மனை வாங்கி வீடு கட்டி, முன்னறையை ஆபீஸாக்கிக்கொண்டார். பண்ருட்டி நீதிமன்றத்தில் அவருக்குப் பெரும்பாலும் சொத்து வழக்குகள்: வேலி நகர்ந்தது, வரப்பு தேய்ந்தது, பாகம் பிரியவில்லை. திங்கள் முதல் சனி வரை கறுப்புக் கோட்டும் வழக்குக் கட்டுகளுமாக அலைவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவரை எந்த நீதிபதியாலும் அழைக்க முடியாது. அன்று அவர் ஏரிக்கு உரியவர்.

சுரங்கத்தின் அடியிலிருந்து இரவும் பகலும் இறைத்து வெளியேற்றும் நீர் கால்வாயாக ஓடிச் சேரும் ஏரி அது. கோடையிலும் வற்றாது. மாமா மூன்று தூண்டில்களைக் கரைச் சேற்றில் ஊன்றி, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சலங்கை மணியைக் கட்டிவிடுவார். பிறகு மடக்கு நாற்காலியை விரித்துப் புத்தகத்தைத் திறப்பார். மணி ஒலித்தால் மீன்; ஒலிக்காவிட்டால் அடுத்த பக்கம். சட்டப் புத்தகத்துக்கு அங்கே அனுமதி இல்லை. கடற்பயணம், எறும்புகளின் வாழ்க்கை, எப்போதோ முடிந்துபோன போர்கள் என்று எதையாவது படிப்பார். சிக்கல் என்னவென்றால், மணி ஒலித்தாலும் படித்துக்கொண்டிருக்கும் பத்தியை முடிக்காமல் எழ மாட்டார். அதற்குள் ஜிலேபிக் கெண்டை இரையைத் தின்றுவிட்டு, தன் வழியே போய்விடும்.

“உங்க மாமா மீன் பிடிக்கப் போறாரா, மீனுக்குப் படிச்சுக் காட்டப் போறாரா?” என்று மாமி கேட்பார். கேட்டுவிட்டுக் குழம்புக்கு மார்க்கெட்டில் மீன் வாங்கி வைத்துவிடுவார்.

நான் ஏரிக்குப் போனது மீனுக்காக அல்ல, குரலுக்காக. அந்த வயதிலேயே நான் பேச்சாளன். குவார்ட்டர்ஸில் உரக்கப் பயிற்சி செய்தால், நைட் ஷிப்ட் முடித்து உறங்கும் அண்டைவீட்டார் ஜன்னலைத் தட்டுவார்கள். ஏரி எதிர்ப்புத் தெரிவிக்காது. பொங்கல் விழாவையொட்டி நகரிய அரங்கில் மாணவர் பட்டிமன்றம் ஏற்பாடாகியிருந்தது. ‘உறவைக் காப்பது உரிமையா, விட்டுக்கொடுத்தலா?’ என்பது தலைப்பு. எனக்கு வாய்த்தது விட்டுக்கொடுத்தல். கரையில் நின்று, நீரைப் பார்த்துக் கை உயர்த்தி, என் உரையை முழங்கினேன். மாமா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் தீர்ப்புச் சொன்னார்.

“சத்தம் இருக்கு மாப்ளே, சாட்சி இல்ல. கடல், வானம், நிலான்னு சொல்லிக்கிட்டே போற. எந்த ஜட்ஜும் நிலாவை நம்ப மாட்டாரு. நீ கண்ணால பாத்த ஆளு ஒருத்தரைக் காட்டு. அரங்கமே ஒம் பக்கம் வந்துடும்.”

வாசகரே, இந்த அறிவுரையை மறக்க வேண்டாம். என் தரப்பில் எனக்கிருக்கும் ஒரே ஆவணம் இதுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த ஆள் தாமாகவே ஏரிக்கரைக்கு நடந்து வந்தார். முத்தாண்டிக்குப்பத்து அக்கா என்று நான் அழைத்த அவர், நகரியச் சாலைகளைப் பெருக்கும் கான்ட்ராக்ட் வேலையில் இருந்தார். ஞாயிறு ஒன்றுதான் விடுமுறை என்பதால் மாமாவை ஏரியில் வந்து பார்க்க அவருக்கு மட்டும் சலுகை. அவருடைய அண்ணன் வடக்குத்துக்காரர். சுரங்கக் கான்ட்ராக்டில் சூப்பர்வைசர். தகப்பனார் விட்டுப்போன முந்திரித் தோப்பை அண்ணனே வைத்திருந்தார். தங்கைக்கும் பாகம் உண்டு என்பது வழக்கு.

அக்கா கரையில் குந்தினார். “சார், தோப்ப அண்ணனே வெச்சிக்கினு போவட்டும் சார். மூலையில ஒரு பலா மரம் நிக்கிது பாருங்க, அந்தத் துண்டு மட்டும் எனக்கு வந்தாப் போதும். ஒரு வூடு கட்டிக்கினு கெடப்பேன். அண்ணன் பொண்ணு வயசுக்கு வந்திருக்குது. அத்தக்காரி நானு, எனக்கு ஒரு வார்த்த சொல்லல. கூட பெருக்கறவ சொல்லித்தான் தெரிஞ்சிக்கினேன். இந்தக் கேசு முடிஞ்சாத்தான் சார் அந்த வூட்டு வாசப்படி எனக்கு.”

மாமா புத்தகத்தை மூடினார். ஏரிக்கரையில் அவர் பத்தியின் நடுவே புத்தகத்தை மூடி நான் பார்த்தது அன்றுதான்.

“உங்க அப்பா சொத்துல உங்களுக்குச் சரிபாதி இருக்கும்மா. அவங்க வக்கீலும் பாதிக்கு இறங்கி வந்துட்டாரு. இன்னும் ஒரு வாய்தா பொறுங்க, எழுத்துல வாங்கிடறேன். அது வரைக்கும் இந்தப் பலா மரத்துப் பேச்சு உங்க வாயிலேர்ந்து வரவே கூடாது. துண்டு போதும்னு தெரிஞ்சா துண்டைத்தான் தருவாங்க.”

“நான் யாருகிட்ட சொல்லப்போறேன் சார்? இந்த மீனுங்ககிட்டயா?” என்றார் அக்கா. முந்தானையால் கண்ணைத் துடைத்தபடியே சிரித்தார்.

பத்தடி தள்ளி நின்றிருந்த நான் மாமாவின் கடைசி இரண்டு வாக்கியங்களைக் காதில் வாங்கவே இல்லை; பிற்பாடு அவர் சொல்லித்தான் அறிந்தேன். கண்ணீரோடு பேசிய அந்த முகத்தை எந்தச் சொற்களால் மேடையேற்றுவது என்ற தீவிர யோசனையில் இருந்தேன்.

பட்டிமன்ற நாளும் வந்தது. அரங்கம் நிறைந்திருந்தது. அம்மா முன்வரிசையில், அப்பா பக்கவாட்டில் நின்று செல்போனில் படமெடுத்துக்கொண்டிருந்தார், மாமா பின்வரிசையில். என் முறை வந்ததும் ஒலிவாங்கியை என் உயரத்துக்குத் தாழ்த்தினேன். “அவையோரே! வடக்குத்தில் ஒரு முந்திரித் தோப்பு. அத்தோப்பின் மூலையில் ஒரு பலா மரம். தோப்பை ஆள்பவர் சுரங்கக் கான்ட்ராக்டில் சூப்பர்வைசராய் விளங்கும் ஓர் அண்ணன். முத்தாண்டிக்குப்பத்தில் இருந்து அவரையே எண்ணி ஏங்குபவர், நம் சாலைகளைப் பெருக்கும் ஒரு தங்கை!” என்று தொடங்கினேன். நீதிமன்றத்தில் வெல்லக்கூடிய பாதித் தோப்பையும் துறந்து, பலா மரம் நிற்கும் ஒரு துண்டே போதும் என்று அந்தத் தங்கை கண்ணீர் வடித்ததையும், அண்ணன் வீட்டு வாசற்படியை மிதிக்க அவர் காத்துக் கிடப்பதையும், குரலை எங்கே தாழ்த்த வேண்டுமோ அங்கே தாழ்த்திச் சொன்னேன். பெயரை மட்டும் சொல்லவில்லை. ரகசியம் காப்பது என்றால் பெயரைச் சொல்லாமல் இருப்பது என்றே அன்று நான் நம்பியிருந்தேன்.

அரங்கம் அதிர்ந்தது. நான்காம் வரிசையில் சிவப்புச் சட்டை அணிந்த ஒருவர் எழுந்து நின்றே கைதட்டினார். கேடயத்தோடு நான் இறங்கி வந்தபோது அவரே வழிமறித்து என் முதுகில் தட்டினார்.

“சோக்கா பேசுன தம்பி! யாரு வூட்டுப் புள்ள நீ?”

“வடக்குத்து வக்கீலோட அக்கா மகன்” என்றேன் நெஞ்சை நிமிர்த்தி.

“அப்பிடிச் சொல்லு” என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

திரும்பும்போது என்னை ஸ்கூட்டரில் ஏற்றிய மாமா ரவுண்டானா தாண்டியதும் வேகத்தைக் குறைத்தார். பிறகு கேட்டார்: “அந்த உதாரணம் எப்படிடா வந்துச்சு?”

“நீங்கதானே மாமா சொன்னீங்க, கண்ணால பாத்த ஆளைக் காட்டுன்னு?”

“ஆமா” என்றார் மாமா. சிறிது தூரம் போன பின் மறுபடியும், “ஆமா, நான்தான் சொன்னேன்” என்றார். இரண்டாம் முறை அதைச் சொன்னபோது அவர் குரல் மாறியிருந்தது. காற்று என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும், அக்கா வேலைக்குக் கிளம்பும் முன்பாகவே, மாமா என்னை முத்தாண்டிக்குப்பத்துக்கு அழைத்துப் போனார். கூரை வீட்டின் வாசலில் அக்கா தலையை முடிந்துகொண்டிருந்தார். மாமா உட்காரவில்லை.

“உங்க பேச்சு வெளிய போயிடுச்சும்மா. இவன் மேடையில சொல்லிட்டான். தப்பு இவனோடது இல்ல, என்னோடது. பக்கத்துல ஆளை வெச்சுக்கிட்டு உங்களைப் பேச விட்டிருக்கக் கூடாது. இனிமே நான் வேணாம்னு நினைச்சா, கேஸ் கட்டைக் குடுத்துடறேன். நல்ல வக்கீலா நானே பாத்துச் சொல்றேன்.”

ஒரு வக்கீல் தம் கட்சிக்காரர் முன் கைகட்டி நிற்பதை நான் அதுவரை கண்டதில்லை. என் வெற்றியை ஏன் இவர் தவறு என்கிறார் என்று உள்ளூரச் சினந்தேன். அக்காவோ என்னைப் பார்த்தார்.

“நான் அழுததயும் சொன்னியா தம்பி?”

“சொன்னேங்க்கா. அதுக்குத்தான் நிறைய கைதட்டல்.”

“எங்கண்ணன் வந்திருந்துச்சா?”

எனக்குத் தெரியவில்லை. அப்பா எடுத்த காணொளி உறவினர் எல்லோருடைய செல்போனுக்கும் முந்தின இரவே போயிருந்தது. மாமாவின் போனிலும் இருந்தது. அக்கா கேட்டதும் மாமா மனமில்லாமல் அதை எடுத்துக் காட்டினார். என் உரையை அக்கா கவனிக்கவே இல்லை. அப்பா அரங்கத்தின் பக்கம் போனைத் திருப்பிய இடத்தில் திரையின்மேல் விரலை வைத்தார்.

“தோ, செவப்பு சட்ட! எங்கண்ணன்தான் சார். பாருங்க, எழுந்து நின்னுக்கினு தட்டுது. நான் அழுதத கேட்டு தட்டுது சார்!”

அந்த இடத்தை மட்டும் மீண்டும் போடச் சொன்னார். மாமா போட்டார். மூன்றாம் முறையும் போட்டார். “அவரு தட்டுனது எதுக்குன்னா...” என்று தொடங்கியவர், அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டார். நீதிமன்றத்தில் வாக்கியத்தைப் பாதியில் விடும் பழக்கம் அவருக்கு இல்லை என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அடுத்த வாய்தாவில் அண்ணன் தரப்பு வக்கீல் புன்னகையோடு வந்தாராம். பாதி என்ற பேச்சே இல்லை. “பலா மரத் துண்டு தர்றோம். தங்கச்சியே அவ்வளவுதானே கேக்குது?” என்றாராம். வழக்கை நடத்துவோம், தீர்ப்பில் பாதி நிச்சயம் என்று மாமா எவ்வளவோ மன்றாடியிருக்கிறார். “அது மனசு எறங்கிடுச்சு சார், நானே கண்ணால பாத்தனே” என்று சொல்லி அக்கா சமரச மனுவில் கையெழுத்திட்டுவிட்டார். செய்தி வீட்டுக்கு வந்தபோது, பிரிந்த உடன்பிறப்புகளை என் நாவன்மை சேர்த்துவைத்துவிட்டது என்று வகுப்பில் பெருமையாக அறிவித்தேன்.

பலாப் பழக் காலம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா ஏரிக்கரைக்கு முழுப் பலாப்பழம் ஒன்றைத் தலையில் சுமந்து வந்தார். அவருடைய துண்டு நிலத்தில் பழுத்த முதல் பழம். மாமா அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“அண்ணன் தோப்புலயே புது வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வெச்சாரே. கூப்பிட்டாராம்மா?”

“இல்லீங்க சார்.” அக்கா சும்மாட்டுத் துணியை உதறி மடித்தார். “நான் மரத்தாண்டதான் இருந்தேன். மைக்செட்டு சத்தம் நல்லா கேட்டுச்சு. வேலிக்கு அந்தாண்ட பந்தி நடக்குது. எல போட்ற சத்தம்கூட கேட்டுச்சு சார்.”

மாமா பழத்தைக் கரையில் இறக்கி வைத்தார். நான்தான் கேட்டேன்: “அப்ப மாமா, பாதித் தோப்பு?”

“போச்சுடா” என்றார் மாமா. வேறு எந்த விளக்கமும் தரவில்லை. நான்காம் வரிசைக் கைதட்டலின் பொருள் அந்த ஒரு சொல்லில்தான் எனக்கு விளங்கியது. விளங்கியது என்றா சொன்னேன்? அதிலும் பாதிதான். அக்கா இழந்தது முந்திரித் தோப்பு என்றே எண்ணினேன். இலை போடும் சத்தத்தை அவர் ஏன் தனியாகக் குறிப்பிட்டார் என்று யோசிக்கவில்லை. இரு தரப்பும் உடன்பட்டு எழுதிய தீர்ப்பாணைக்கு மேல்முறையீடு கிடையாது என்பதைச் சட்டக் கல்லூரி வகுப்பறையில் படித்து நான் தலைகுனிந்தது மிகவும் பிற்காலத்தில். அன்று எனக்குத் தெரிந்திருந்தது ஒன்றே: தவறு செய்த நாவால்தான் அதைத் திருத்த வேண்டும்.

ஆகவே கரைமேட்டில் ஏறி நின்றேன். வலக்கையை உயர்த்தினேன். மாமா வேண்டாம் என்று தலையசைத்ததைப் பார்த்தும் பாராதவன்போல், எதிர்க்கரை வரை கேட்கும் குரலில் முழங்கினேன்:

“அக்கா! நான் படித்து வக்கீலாகி, மேல்முறையீடு செய்து, அந்தப் பாதித் தோப்பையும் உங்களுக்கு வாங்கித் தருவேன். இது சத்தியம்!”