அம்மா ஆட்டுக்கறி தின்ற நாள்

அண்ணன் நியூசிலாந்துக்கு வேலைக்குப் போன நாளிலிருந்து அம்மா ஆட்டுக்கறியைத் தொடவில்லை. அவன் வீட்டோடு இருக்கத் திரும்பி வந்து, எங்கள் ஊர் பெம்பானில் இருக்கும் முனியாண்டி சாமிக்குக் கிடா வெட்டிய பிறகுதான் வாயில் வைப்பேன் என்று நேர்ந்துகொண்டிருந்தாள். தீபாவளிக்கு வீடே மணக்கும். அவள் மட்டும் ரசத்தை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பார்க்கவே எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும்.

வருடங்கள் போயின, அவன் வந்தபாடில்லை. எனக்கு ஒன்பது வயதானபோது, பள்ளி விடுமுறையில் என்னையும் இழுத்துக்கொண்டு, அவனைக் கையோடு கூட்டிவர அம்மாவே கிளம்பிவிட்டாள். நேர்ந்துவிட்ட கிடாவுக்குத் தழை போட ஆள் வேண்டுமென்று அப்பா தங்கிவிட்டார்.

கிறைஸ்ட்சர்ச்சில் இறங்கி, அண்ணன் காரில் டுனிடினுக்குப் போனோம். வழியெல்லாம் ஆடு. ஆடு, புல், வேலி, மறுபடியும் ஆடு. இந்த நாட்டில் மனுஷர்கள் எங்கேதான் இருக்கிறார்கள் என்று எனக்குச் சலித்துவிட்டது. அம்மாவுக்கோ பூரிப்பு.

“அம்மாடி, எவ்ளோ ஆடு! ஆனா எல்லாம் செம்மறி லா. முனியாண்டிக்கு நம்ம வெள்ளாட்டுக் கெடாதான் சரி. நல்லா வளந்து நிக்குதுடா, நீ வந்தா போதும்.”

அண்ணன் ரோட்டையே பார்த்து ஓட்டினான்.

டுனிடின் சதுக்கத்தில் ஒரு பெரியவர், கட்டம் போட்ட பாவாடை கட்டிக்கொண்டு, தோல்பையை அக்குளில் இடுக்கி ஊதிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஸ்காட்லாந்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள் கட்டிய ஊர் இது என்றான் அண்ணன்.

“பொழைக்க வந்தவங்களா? அப்புறம் ஊருக்குத் திரும்பிட்டாங்கதானே?” என்றாள் அம்மா.

“யாரும் திரும்பலமா. நானும் வரலமா. இங்கயே இருக்க பேப்பர் கெடச்சிருச்சு. வந்தா லீவுக்குத்தான் வருவேன். கோவிச்சுக்காதீங்க,” என்றான்.

அம்மா கெஞ்சினாள், திட்டினாள், அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் அழுதாள். ஊதுகிறவர் நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

வீட்டில் அண்ணன் எனக்காக ஆட்டுக்கறி சமைத்தான். அம்மாவுக்குத் தனியாகப் பருப்பு வைத்தான். அம்மா பருப்பை ஒதுக்கிவிட்டுக் கறிச்சட்டியை இழுத்து, தானே சோற்றில் அள்ளிப் போட்டுக்கொண்டாள்.

“வேணாம்மா...” என்று அண்ணன் அவள் கையைப் பிடித்தான்.

“விடுப்பா,” என்றாள். அவ்வளவுதான். தலை நிமிராமல் தின்றாள். அண்ணன் சாப்பிடாமல் எழுந்துபோனான்.

எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். இத்தனை வருடம் அடக்கிவைத்த ஆசையை அம்மா தீர்த்துக்கொள்கிறாளே! ஓடிப்போய் அப்பாவுக்குப் போன் போட்டேன்.

“அப்பா! அம்மா ஆட்டுக்கறி சாப்பிட்டாங்க லா! மறுசோறும் போட்டுக்கிட்டாங்க!”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதென்று நினைத்து ஹலோ, ஹலோ என்று கத்தினேன்.

“கேக்குது பாப்பா,” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

எப்பேர்ப்பட்ட நல்ல சேதி சொல்கிறேன், இந்த மனுஷர் ஒரு வார்த்தை சந்தோஷமாகக் கேட்டாரா பார் என்று அப்பா மேல் எனக்கு அப்படியொரு கோபம்.