கேன்டீன் சந்திரமதி பிழைத்தெழுந்த கதை

மலேசியாவின் பத்து பகாட் நகரில் ஒரு துணித் தொழிற்சாலையில் சந்திரமதி கேன்டீன் நடத்திவந்தாள். ஐம்பத்திரண்டு வயது. வெளிச்சம் வருவதற்கு முன்பே வந்து அடுப்பைப் பற்றவைத்துவிடுவாள். தேங்காய்ப்பால் சோறு, நெத்திலிச் சம்பல், கோழி வறுவல், சீனிப்பால் தாராளமாக ஊற்றிய தேத்தண்ணி. தையல் பிரிவுப் பெண்களுக்கு அவள் சமையல் என்றால் உயிர். அவர்கள் தட்டை வழித்துச் சாப்பிடுவதைப் பார்த்தாலே அவளுக்கு வயிறு நிறைந்துவிடும். மிச்சம் மீதியை நின்றபடியே வாயில் போட்டுக்கொள்வாள்.

இரத்தக் கொதிப்பு இருக்கிறது என்று கிளினிக்கில் மாத்திரை கொடுத்திருந்தார்கள். கொஞ்ச காலம் விழுங்கினாள். தலைசுற்றல் நின்றதும், "இப்ப நல்லாத்தானே இருக்கேன்" என்று விட்டுவிட்டாள்.

அந்த நோய் அவளுக்குப் புதிதல்ல. காஹாங் பக்கம் தோட்டத்தில் வேலை செய்த அவள் அப்பா அய்யாவு, ஐம்பதைத் தொடுவதற்குள் பக்கவாதத்தில் விழுந்தவர். ஒரு நாள் காலையில் வாய் கோணிக்கொண்டு எழுந்தார். காத்து பட்டுவிட்டது என்று எண்ணெய் தேய்த்தார்கள், மந்திரித்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது மறுநாள் ஆகியிருந்தது. அதன் பிறகு அவர் எழுந்து நடக்கவேயில்லை. பெரியப்பாவும் சித்தப்பாவும் மாரடைப்பில் போனார்கள். "எங்க வீட்டு ஆளுங்களுக்கு அறுபதெல்லாம் எழுதல" என்று சந்திரமதி சிரித்துக்கொண்டே சொல்வாள். சிரிப்பு வராத நாளிலும் அதையேதான் சொல்வாள்.

சென்ற ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் சாப்பாட்டுக்கு வரிசை நின்றிருந்தது. சந்திரமதி சம்பலை அள்ளித் தட்டில் போட்டாள். தட்டில் விழவில்லை, பக்கத்தில் மேசைமேல் விழுந்தது. இன்னொரு கரண்டி அள்ளினாள். அதுவும் மேசையில்தான். கரண்டி கையை விட்டு நழுவியது.

எதிரே தட்டோடு நின்றவள் நோர்மா, பொத்தான் தைக்கும் பிரிவுக்காரி. சந்திரமதியோடு மலாயில் தினம் வாயடிக்கும் சிநேகிதி. அவள் தட்டை வைத்துவிட்டு உள்ளே ஓடினாள்.

"அக்கா, என்னைப் பாருங்க. சிரிங்க."

சந்திரமதி சிரித்தாள். உதட்டின் ஒரு பக்கம்தான் மேலே போனது.

"ரெண்டு கையையும் தூக்குங்க."

வலது கை பாதி தூரம் போய்த் தொப்பென்று விழுந்தது. 'ஒன்னும் இல்ல, கேஸ்தான், வீட்டுல படுத்தா சரியாயிடும்' என்று சந்திரமதி சொல்ல நினைத்தாள். வாயிலிருந்து வந்ததோ குழறிய சத்தம் மட்டும்தான். தன் குரலைக் கேட்டு அவளே மிரண்டாள். அப்பாவின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது.

"அலமாக்! சூட்டு மயக்கம்லா இது. கொஞ்சம் இனிப்புத் தண்ணி குடுத்து வீட்டுல கொண்டுபோய் விடலாம்" என்று பதறினாள் கேன்டீனில் உதவிக்கு இருந்த சத்தியபாமா.

"தண்ணி வேண்டாம், தொண்டையில அடைச்சுக்கும். வீடும் வேண்டாம்" என்றாள் நோர்மா. தன் அம்மாவுக்கு இதே நோய் வந்தபோது கூட இருந்து பார்த்தவள் அவள். பேசிக்கொண்டே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டாள். வண்டி வந்ததும் மேற்பார்வையாளரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கூடவே ஏறிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் விஜிதா முதலில் கேட்டது ஒரே கேள்விதான். "கடைசியா எப்ப நல்லா இருந்தாங்க?"

கணவர் வீரமுத்து லாரி ஓட்டுபவர். உலு திராம் பக்கம் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தவர், போனில் தடுமாறினார். "காலையில நான் கிளம்புறப்ப நல்லாத்தான் இருந்தாங்க டாக்டர். அப்புறம் தெரியலையே."

அந்தப் பதில் போதாது. மூளை இரத்தக் குழாயின் அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எப்போது தொடங்கியது என்று தெரியாமல் கண்மூடித்தனமாகப் போட முடியாது.

நோர்மா குறுக்கிட்டாள். "நல்லாத்தான் இருந்தாங்க டாக்டர். பத்து மணி ஓய்வுல ரெண்டாந்தடவை சம்பல் கேட்டேன். கரண்டியைத் தூக்கிக் காட்டி, ஒரு வார்த்தை தடுமாறாம அப்படித் திட்டினாங்க!"

"அருமையான சண்டை" என்றார் டாக்டர். பத்து மணியிலிருந்து எண்ணினாலும் இன்னும் நேரம் இருந்தது. ஸ்கேனில் இரத்தக் கசிவு இல்லை என்று தெரிந்ததும் ஊசி ஏறியது.

மறுநாள் வலது கை விரல்கள் அசைந்தன. பேச்சு மட்டும் வரவில்லை. எல்லாம் புரிந்தது, சொல்லத்தான் முடியவில்லை. வீரமுத்து கட்டில் பக்கத்தில் அமர்ந்து, "மதி, என் பேரச் சொல்லு பார்ப்போம்" என்று கெஞ்சினார். கண்ணீர்தான் வந்தது. மூன்றாம் நாள் தாதி கஞ்சிக் கிண்ணத்தை முன்னால் வைத்தபோது சந்திரமதி திடீரென்று தெளிவாக, "புங்குஸ்?" என்று கேட்டாள். பொட்டலம் கட்டவா என்று கேன்டீனில் நாள் முழுக்க அவள் கேட்கிற சொல். வார்டே சிரித்தது. வீரமுத்து மட்டும் துண்டில் முகம் புதைத்துக்கொண்டு அழுதார்.

அதன் பிறகு சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. மலாய் கொஞ்சம் முந்தியது, தமிழ் பின்னாலேயே வந்தது. பேச்சுப் பயிற்சி, கைக்குப் பயிற்சி, பாசார் மாலாம் இரவுச் சந்தையில் கணவரின் தோளைப் பிடித்து நடை. வீரமுத்து முதல் தடவையாக ரசம் வைத்தார். உப்பில்லாத அந்த ரசத்தை அவள் ஒரு சொல் குறை சொல்லாமல் குடித்தாள்.

நோர்மா பார்க்க வந்த அன்று சந்திரமதி நன்றி சொல்லத் தனியாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். நேரில் எல்லாம் குழம்பிவிட்டது. நோர்மாவின் கையைத் தன் வலது கையால் பிடித்து, முடிந்த மட்டும் அழுத்தினாள்.

"அக்கா, வலிக்குது" என்றாள் நோர்மா.

"நல்லது" என்றாள் சந்திரமதி. இருவரும் சிரித்தார்கள். இந்தத் தடவை உதட்டின் இரண்டு பக்கமும் மேலே போனது.

இப்போது அரைநாள் கேன்டீனுக்குப் போகிறாள். தேத்தண்ணியில் சீனிப்பால் பாதியாகிவிட்டது, குழம்பில் உப்பு குறைந்துவிட்டது. தையல் பிரிவில் முணுமுணுப்பு கேட்கிறது. அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை. தன் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன் எல்லாருக்கும் தெரியும்படிதான் விழுங்குகிறாள்.

காஹாங்கில் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை செய்யும் தம்பி மதிவாணனுக்குப் போன் போட்டாள். நாற்பத்தாறு வயது, கிளினிக் வாசலை மிதிக்காதவன். சொற்களைத் தேடித் தேடி நடந்ததையெல்லாம் சொல்லி, கிளினிக்குக்குப் போகச் சொன்னாள். அந்த வாரமே போனான். கொதிப்பு எக்கச்சக்கமாக இருந்தது, சீனி வியாதியும் இருந்தது.

"நீ சொல்லலனா போயிருக்க மாட்டேன்கா" என்று போனில் சொன்னான்.

"எனக்கும் ஒருத்தி சொன்னா" என்றாள் சந்திரமதி. "மாத்திரை போட்டியா? மொதல்ல போடு. நான் லைன்லயே இருக்கேன்."